கியர் ராடு ஆடுதா, டேஷ்போர்டு பாடுதா? என்ஜின் மாற்றிய சின்னக் காருக்கு மவுண்ட் பார்க்கும் விதம்

என்னிடம் இருப்பது 1999 மாடல் மாருதி 800. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் பின்வாசல் கொட்டகையில் எட்டு வருடம் தார்ப்பாய்க்குள் தூங்கிக் கிடந்தது. "எலி குட்டி போடுதுப்பா, ஓட்டத் தெரிஞ்சவன் எடுத்துட்டுப் போ" என்று அந்த வீட்டு ஆச்சி விட்டுக்கொடுத்தார்கள். அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் என்ஜின் இறுகிப் போயிருந்தது. ஒரு பழைய மாருதி ஜென் காரிலிருந்து 993 சிசி நான்கு சிலிண்டர் என்ஜினையும் அதோடு வந்த கியர்பாக்ஸையும் எடுத்து உட்கார வைத்தோம். உட்கார வைத்தோம் என்பது பேச்சுக்குத்தான். அது ஒழுங்காக உட்கார ஒன்றரை வருடமும் நான்கு செட் மவுண்டும், அதாவது என்ஜினை வண்டியோடு பிடித்துவைக்கும் ரப்பர் தாங்கிகளும் ஆயின.

அந்தச் செலவில் தெரிந்துகொண்டதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். என்ஜினை மாற்றாமல் கார்புரேட்டர், கேம், சைலன்சர் என்று மட்டும் கைவைத்தவர்களுக்கும் இது பொருந்தும். இடையில் ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. என்ஜின் மாற்றுவதாக இருந்தால் ஆர்டிஓ அனுமதியை முதலில் வாங்குங்கள், மவுண்டைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

எது எதைத் தாங்குகிறது

என்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும் முன்சக்கர இழுவைக் கார்களில் மூன்று அல்லது நான்கு மவுண்ட் இருக்கும். கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, டைமிங் பெல்ட் பக்கம் ஒன்று. பெரும்பாலும் இவை இரண்டும்தான் எடையைச் சுமக்கின்றன. கீழே, ஃபயர்வால் (என்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) பக்கமோ முன்பக்கமோ இருப்பது என்ஜின் குப்புறக் கவிழாமலும் மல்லாராமலும் பிடித்துக்கொள்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் 'மவுண்டிங் ரப்பர்' என்று ஒரே பெயர். அதனால்தான் 'பவர் கூட்டியாச்சு, கட்டி ரப்பரா போட்டுரு' என்று எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தும் கொடுக்கிறார்கள்.

கவிழாமல் பிடிக்கும் மவுண்டின் மேல் எவ்வளவு சுமை வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ஜினின் டார்க், அதாவது திருப்பும் விசை, 75 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.5 மடங்கு, டிஃபரன்ஷியல் 4 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலுக்குப் போவது 75 பெருக்கல் 14, அதாவது 1050 நியூட்டன் மீட்டர். சக்கரத்தை அவ்வளவு விசையோடு திருப்பும்போது, அதே அளவுக்கு என்ஜின் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். மவுண்டுகளுக்கு இடையே 40 சென்டிமீட்டர் இருந்தால் ரப்பரின் மேல் 2600 நியூட்டனுக்கு மேல் வரும். பத்துச் சிப்பம் அரிசியை ஒரே ரப்பரில் ஏற்றியதுபோல. இது கிளட்சை நிதானமாக விடும் கணக்கு. கிளட்சைப் படாரென்று விட்டால் இன்னும் ஏறும். ரிவர்ஸ் போட்டால் அதே சுமை எதிர்த்திசையில் வரும். எடை சுமக்கும் ரப்பர் இப்படி மாறி மாறி அடி வாங்குவதில்லை. ஆகவே பவர் கூடினால் முதலில் கவனிக்க வேண்டியது கீழே இருக்கும் அந்த ஒன்றைத்தான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்தச் சோதனை

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கைபிரேக் இழுத்து, நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக்கூடாது, பக்கவாட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, நிதானமான ஒருவரை உள்ளே உட்கார வைத்து, பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரில் கிளட்ச் பிடிக்கும் இடம் வரை மெதுவாக விடச் சொல்லுங்கள். என்ஜின் ஒரு பக்கம் எழும்பும். அப்புறம் ரிவர்ஸில் அதையே செய்யச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆட்டம் சகஜம். கையகலம் எழும்பித் தொப்பென்று விழுந்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது. எந்தத் திசையில் அதிகம் எழும்புகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அடுத்து என்ஜினை அணைத்துவிட்டு ஜாக்கி. என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்பின் நடுவில் ஜாக்கியை வைக்கவே வைக்காதீர்கள். தகடு உள்வாங்கினால் உள்ளே ஆயில் உறிஞ்சும் வடிகட்டி அடைபடும். கியர்பாக்ஸ் உடம்பிலோ சம்பின் ஓரத்திலோ ஒரு மரக்கட்டையை வைத்துத்தான் தூக்க வேண்டும். என் கட்டை, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வாசலில் கிடந்த பர்மாத் தேக்குத் துண்டு. இடித்த வீட்டு நிலையின் கால் அது, ஒரு பக்கம் பூ வேலைப்பாடு இன்னும் இருக்கிறது. கடைக்காரர் 50 ரூபாய் வாங்கினார். எத்தனை தடவை ஜாக்கி ஏறியும் அதில் ஒரு கீறல் விழவில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம். என்ஜினை ஒரு சென்டிமீட்டர் மட்டும் தூக்கிவிட்டு ஒவ்வொரு மவுண்டாக டார்ச் அடித்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது எடையால் மூடிக்கிடக்கும் விரிசல், தூக்கியதும் வாயைத் திறக்கும்.

புது ரப்பரில் வளைந்த ஓட்டைகள் இருப்பதைப் பார்த்து 'இதுவே கிழிஞ்சிருக்கே' என்று சிலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவை வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள். சின்ன அதிர்வுக்கு ரப்பர் இளகி ஆடவும், பெரிய உதைக்கு இரண்டு பக்கமும் முட்டித் தடுக்கவும்தான் அந்த அமைப்பு.

நிற்கும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறது

இங்கேதான் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள். நடுக்கம் என்றதும் மவுண்டை மாற்றுகிறார்கள், பழுதோ பிளக்கில் இருக்கிறது. டேஷ்போர்டின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் வையுங்கள். தண்ணீரில் ஒரே சீராக மெல்லிய வளையம் வந்துகொண்டே இருந்தால் அதிர்வு வண்டிக்குள் தாண்டி வருகிறது, மவுண்டைச் சந்தேகிக்கலாம். சீராக இல்லாமல் திடீர் திடீரென்று தண்ணீர் துள்ளினால் என்ஜின் மிஸ் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் அவ்வப்போது வெடிக்காமல் விடுகிறது. பிளக், பிளக் ஒயர், காற்று கசியும் வேக்குவம் குழாய், இவற்றை முடித்துவிட்டு மவுண்டுக்கு வாருங்கள்.

மிஸ் இல்லை என்றால் ஸ்லோ ஸ்பீடை, அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் என்ஜின் ஓடும் வேகத்தை, நிமிடத்துக்கு 100 சுற்று ஏற்றிப் பாருங்கள். நடுக்கம் சட்டென்று போய்விட்டால் ரப்பர் கிழிந்திருக்க வேண்டும் என்று இல்லை. அதன் இயல்பான ஆட்டமும் என்ஜினின் துடிப்பும் நெருங்கி வந்துவிட்டன. வளவில் தொங்கும் ஊஞ்சல் மாதிரிதான். அது போய்வரும் நேரம் பார்த்து ஒரு விரலால் தள்ளினாலே உயரப் போகும், நேரம் தவறித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளியும் ஏறாது.

இதில் எண்களும் உதவும். 900 சுற்றில் ஓடும் மூன்று சிலிண்டர் என்ஜின் நொடிக்கு 22.5 தடவை வெடிக்கிறது. நான்கு சிலிண்டர் அதே சுற்றில் 30 தடவை. ரப்பர் அதிர்வை வடிகட்ட வேண்டுமானால் அதன் சொந்த ஆட்டம் இந்த எண்ணை 1.41-ஆல் வகுத்து வருவதற்குக் கீழே இருக்க வேண்டும். மூன்று சிலிண்டருக்கு 16-க்குக் கீழே, நான்குக்கு 21-க்குக் கீழே. ரப்பரின் விறைப்பை மூன்று மடங்காக்கினால் ஆட்டம் 1.7 மடங்காகும். முதலில் நொடிக்கு 11 இருந்தது என்று வையுங்கள், இப்போது 19. நான்கு சிலிண்டருக்கு அது தாங்கும், மூன்று சிலிண்டருக்குத் தாங்காது. மாருதியின் கே10 மாதிரி 998 சிசி மூன்று சிலிண்டர் என்ஜினை இறக்கிவிட்டு, நண்பன் நான்கு சிலிண்டர் வண்டியில் போட்ட கட்டி மவுண்டை அப்படியே போடுபவர்கள் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவதிப்படுவது இதனால்தான். என் வண்டிக்கு நான்கு சிலிண்டர் வந்ததால் கொஞ்சம் விறைப்பாகப் போக இடம் கிடைத்தது. அது அதிர்ஷ்டம், என் திறமை இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் நடுங்கினால், என்ஜின் மாற்றிய வண்டியில் இன்னொரு காரணம் உண்டு. சைலன்சரின் முன்குழாயோ ஏசி பைப்போ பாடியில் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். என் வண்டியில் குழாய்க்கும் பாடியின் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே ஒரு அட்டை நுழையக்கூட இடமில்லை. எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும் இரும்பு இரும்பைத் தொட்டால் அதிர்வு அந்த வழியாக வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்குமுன் ஒரு செட் மவுண்ட் வாங்கிவிட்டேன்.

கிளட்ச் விட்டதும், காலை எடுத்ததும் 'டொக்'

ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு டொக், விடும்போது ஒரு டொக் என்றால் கீழ் மவுண்டோ அதன் புஷ்ஷோ (போல்ட்டைச் சுற்றியிருக்கும் வளையம்) போயிருக்கிறது. முன்சொன்ன சோதனையில் முதல் கியரில் மட்டும் அதிகம் எழும்பியதா, ரிவர்ஸில் மட்டுமா என்று பார்த்தீர்களே, அதை இப்போது எடுங்கள். ஒரு திசையில் மட்டும் என்றால் ரப்பர் ஒரு பக்கம் விட்டிருக்கிறது. இரண்டிலும் என்றால் முழுதாகப் பிரிந்திருக்கிறது, இல்லை நடுப் போல்ட் தளர்ந்திருக்கிறது. போல்ட்டை முதலில் இறுக்கிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

கிளம்பும்போது டொக் இல்லாமல் 'தடதட'வென்று உதறல் வந்து, வேகம் எடுத்ததும் நின்றுவிட்டால் கிளட்ச் தட்டையும் பாருங்கள். ஆயில் பட்ட தட்டு இப்படித்தான் உதறும். கெட்டுப்போன மவுண்ட் அந்த உதறலைப் பெரிதாக்கிக் காட்டும். அதனால் மவுண்டை மாற்றியதும் பாதி குறையும், 'சரியாயிடுச்சு' என்று நினைப்பீர்கள், ஒரு மாதத்தில் திரும்ப வரும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது 'டக் டக் டக்' என்று கேட்டால் அது ஆக்சிலின் வெளி ஜாயிண்ட். மவுண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கியர் தெறிக்கிறது, கியர் ராடு முன்னும் பின்னும் ஓடுகிறது

மிதிக்கும்போது கியர் ராடு ஒரு விரற்கடை பின்னால் வந்து, விடும்போது முன்னால் போகிறதா? ராடு பாடியில் இருக்கிறது, கியர்பாக்ஸ் ரப்பரில் மிதக்கிறது. இரண்டையும் இணைக்கும் கம்பி, என்ஜின் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவும் உங்கள் உள்ளங்கைக்குக் கொண்டுவருகிறது. ஆட்டம் அதிகமானால் மேட்டில் மிதிக்கும்போது கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறிக்கும்.

ஆனால் கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லும் முன் கம்பியின் இரண்டு முனையிலும் உள்ள புஷ்களைப் பாருங்கள். தேவகோட்டைக்காரர் ஒருவர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, கியர் தெறிக்கிறது என்று தன் வண்டியைக் கொண்டுவந்தார். மூன்று மவுண்டும் புதிது. கம்பியின் புஷ் பிளாஸ்டிக் பொடியாக உதிர்ந்திருந்தது. ஜாக்கி ஏற்றாமலே, பேண்ட் அழுக்காகாமலே வேலை முடிந்தது.

கட்டி மவுண்ட் போட்டதும் டேஷ்போர்டு 2000 சுற்றில் பாடுகிறது

இது நானாகவே வரவழைத்துக்கொண்ட நோய். மூன்றாவது செட்டில் எல்லாப் பக்கமும் பாலியூரித்தேன் போட்டேன். வண்டி கிளம்பும்போது கைக்கு அடங்கியது, கியர் வெண்ணெயாக விழுந்தது, மறுக்கவில்லை. காரைக்குடியிலிருந்து திருச்சி சுமார் 90 கிலோமீட்டர். புதுக்கோட்டை வருவதற்குள் கிளவ் பாக்ஸ் மூடி, பின்கண்ணாடி, கதவுக்குள் இருந்த ஏதோ ஒரு கம்பி எல்லாம் ஆளுக்கொரு சுருதியில் சேர்ந்துகொண்டன. பின்சீட்டில் இருந்த என் மனைவி, "இதுக்கு பஸ்ஸிலேயே போயிருக்கலாம்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யுங்கள். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். பாடினால் என்ஜின் அதிர்வு மவுண்ட் வழியாக வருகிறது. பாடாமல், ஓடும்போது மட்டும் பாடினால் வேறு இடம் பாருங்கள்.

ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். கம்பெனி ரப்பர் பெரும்பாலும் 50, 60-ஐ ஒட்டி இருக்கும். பாலியூரித்தேன் 70, 80, 95 என்று கிடைக்கிறது. சிவப்பு என்றால் கடினம், மஞ்சள் என்றால் மென்மை என்று கடையில் சொல்வார்கள். நிறத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக நிறம் போடுகிறார். எண்ணைக் கேளுங்கள். எண் மட்டுமே முழுக் கதையும் சொல்லாது. இடைவெளி விட்ட 80, இடைவெளி இல்லாத 65-ஐவிட மெத்தென்று இருக்கலாம். பாலியூரித்தேன் சூட்டில் இளகும் பொருள் என்பதால் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் வருவதற்கு ஒரு தகடு மறைப்பு வைத்தாக வேண்டும்.

கடைசியில் நான் வந்து சேர்ந்த இடம் இது: எடை சுமக்கும் இரண்டும் கம்பெனி ரப்பர், புதிது. கீழ் மவுண்ட் மட்டும் கம்பெனி ரப்பரையே எடுத்து, அதன் இடைவெளியில் கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் பசையை நிரப்பியது. முன் கண்ணாடி மாட்டுபவர்கள் துப்பாக்கியில் போட்டு அடிக்கும் அதே கறுப்புப் பசைதான். இரண்டு இடைவெளியையும் நிரப்பத் தேவையில்லை. முன்னோக்கி இழுக்கும்போது எந்தப் பக்கம் நசுங்குகிறதோ அதை மட்டும் நிரப்பினேன். நிற்கும்போது ரப்பர் தன் பாட்டுக்கு ஆடுகிறது, மிதிக்கும்போது உடனே முட்டி நிற்கிறது.

நிரப்புவதில் ஒரு நுணுக்கம். ரப்பரைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து முழுக்க உலரவிடுங்கள். ஆயில் பிசுக்கு இருந்தால் பசை தோல் மாதிரி உரிந்து வரும். அடியில் டேப் ஒட்டி, ஒரே நாளில் நிரப்பாமல் நான்கைந்து மில்லிமீட்டராக அடுக்கி அடுக்கி நிரப்புங்கள். இந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது, அதுவும் மேலிருந்து உள்ளே நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர்தான். சித்திரை வெயிலில் நம் ஊர்க் காற்றில் ஈரம் எங்கே இருக்கிறது? மொட்டை மாடியில் காய வைத்தால் சீக்கிரம் ஆகும் என்று நினைத்து வைத்தேன். மேலே கல், உள்ளே சூயிங்கம். அப்புறம் குளியலறையில் வைத்து ஒரு வாரம் கழித்துத்தான் அமுக்கிப் பார்த்துத் திருப்தியானேன்.

புது மவுண்ட் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை

கிழிந்த ரப்பரைத் தூக்கி எறியாதீர்கள். அது தன் சாவுக்குக் காரணம் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

பிரிந்த இடத்தில் இரும்பு பளிச்சென்று சுத்தமாக இருந்தால், ரப்பர் இரும்போடு சரியாக ஒட்டப்படவே இல்லை. தயாரிப்புக் கோளாறு, பெரும்பாலும் டூப்ளிகேட். எனது முதல் செட் இப்படித்தான் போனது. பக்கத்துப் பெரிய ஊரில் ஒரு கடையில் வாங்கினேன். டப்பாவில் ஹோலோகிராம் எல்லாம் மின்னியது. நான்கு மாதத்தில் இரும்பிலிருந்து ரப்பர் முழுதாகக் கழன்று கையில் வந்தது. திரும்பக் கொண்டுபோனால், 'மாட்டின பொருள் மாத்தித் தர மாட்டோம்' என்றார்கள். இப்போது வாங்கும்போது மூன்று பார்க்கிறேன்: ரப்பர் ஓரத்தில் பிசிறு தொங்குகிறதா, இடைவெளியின் வடிவம் பழைய ஒரிஜினலோடு ஒத்துப்போகிறதா, தகட்டின் கனம் சமமா. பழையதைக் கையோடு எடுத்துப் போனால் கடையிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு முகத்திலும் ரப்பர் ஒட்டிக்கொண்டு நடுவில் கிழிந்திருந்தால், ஒட்டு நன்றாக இருந்திருக்கிறது, சுமைதான் தாங்கவில்லை. சுமை என்றதும் பவர் என்று நினைக்க வேண்டாம். என்ஜின் மாற்றிய வண்டிகளில் நான் பார்த்தவரை காரணம், மவுண்டை மாட்டும் இரும்புத் தாங்கியான பிராக்கெட்டின் கோணல். என் இரண்டாவது செட் போனது அப்படி. கழனிவாசல் பக்கத்துப் பட்டறையில் பிராக்கெட் வெல்டிங் அடித்தோம். மாட்டும்போது போல்ட் ஓட்டை ஏழு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. மெக்கானிக் டயர் லீவரை விட்டு நெம்பி, போல்ட்டைச் சுத்தியலால் தட்டி நுழைத்தார்.

"அண்ணே, அது தானா வரணும்ல?" என்றேன்.

"வந்துருச்சுல்ல தம்பி, விடு" என்றார்.

வந்தது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்தே ரப்பர் ஏழு மில்லிமீட்டர் இழுத்துப் பிடிக்கப்பட்ட நிலையில் இருந்தது. என்ஜின் ஓடாத ராத்திரியிலும் அது இழுபட்டுக்கொண்டே இருந்தது. அதன் மேல் ஊருக்கு ஊர் வேகத்தடை, குன்றக்குடி வரை போய்வந்தாலே எண்ணிக்கை விட்டுப்போகும். ஐந்தாவது மாதம் குறுக்கே கிழிந்தது. பிறகு லேத்தில் கொடுத்து ஓட்டையை நீளமாக்கி, இடையில் ஸ்பேசர் போட்டுச் சரி செய்தோம். போல்ட் விரலால் திருகியே பாதிக்கு மேல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் ரப்பரைப் பழி சொல்லாமல் பிராக்கெட்டை மறுபடி செய்யுங்கள். தகடு 3 மில்லிமீட்டரில் அடித்தால் அதுவே வளையும். 5, 6 மில்லிமீட்டர் எடுத்து, மூலையில் முக்கோணத் தாங்கல் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். போல்ட் தலையில் அதன் வலிமையைக் காட்டும் 8.8 என்ற எண் இருக்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட் ஜன்னல் கிராதிக்குப் போதும், இங்கே கூடாது.

மூன்றாவது வகை: ரப்பர் கிழியாமல் உப்பி, தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிறது. ஆயில் குடித்திருக்கிறது. இயற்கை ரப்பருக்கும் ஆயிலுக்கும் ஆகாது. மேலே வால்வு கவர் பேக்கிங் கசிகிறதா பாருங்கள். கசிவை நிறுத்தாமல் புது மவுண்ட் போட்டால் அதுவும் அப்படியே ஆகும்.

என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

எடை கூடிய என்ஜினைப் பழைய ரப்பரில் உட்கார வைத்தால் இது வரும். ஃபேன் ரேடியேட்டர் கவசத்தில் உரசும், சம்ப் தரைக்கு நெருங்கும், ஆக்சில் கோணம் மாறி உள் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். வண்டி சமதரையில் சக்கரங்களின் மேல் நிற்கும்போது இரண்டு பக்கமும் ஒரே குறியிலிருந்து சேசிஸ் வரை அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் ரப்பர் அமுங்கிவிட்டது, இல்லை பிராக்கெட் உயரம் தப்பு. இங்கே கட்டி ரப்பர் போட்டு உயர்த்துவது ஏமாற்று வேலை. உயரத்தை பிராக்கெட்டில் சரி செய்யுங்கள், ரப்பரை மெத்தென்றே விடுங்கள்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

சைலன்சர் முன்குழாய் அடிக்கடி ஒரே இடத்தில் விரிசல் விட்டால் என்ஜின் அதிகம் ஆடுகிறது; குழாயை மட்டும் வெல்டிங் அடிப்பதில் பயனில்லை. ஸ்டார்ட்டர் திடீரென்று மந்தமானால் பேட்டரியை மாற்றும் முன் என்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் ஒயரைப் பாருங்கள். ஆடி ஆடி உள்கம்பிகள் அறுந்து தோல் மட்டும் முழுசாக இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் நடுங்கினால், அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் நடுங்கினால் சக்கர பேலன்சிங், டயர், பேரிங் பக்கம் போங்கள், மவுண்டை விட்டுவிடுங்கள்.

இறுக்கும் முறை

எந்த மவுண்டானாலும் கடைசியில் பாதி ஆயுளை இறுக்கும் விதம்தான் தீர்மானிக்கிறது. எல்லாப் போல்ட்டையும் கையால் நுழைத்து, ஒன்றையும் முழுதாக இறுக்காமல் விடுங்கள். ரப்பரில் அம்புக்குறி இருந்தால் சரியான திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கியை எடுத்துவிட்டு, வண்டியைச் சக்கரங்களில் நிறுத்தி, என்ஜினை அங்கும் இங்கும் கையால் ஆட்டுங்கள். பிறகு இரண்டு நிமிடம் ஸ்லோ ஸ்பீடில் ஓடவிடுங்கள். அது தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அணைத்துவிட்டு, முதலில் எடை சுமக்கும் இரண்டு, கடைசியில் கீழ் மவுண்ட். கீழ் மவுண்டை முதலில் இறுக்கினால் என்ஜின் நின்ற கோணலிலேயே அது பூட்டிக்கொள்ளும். கம்பெனிப் புத்தகத்தில் அளவு இருந்தால் அதுதான். சொந்தமாகச் செய்த பிராக்கெட்டில் 8.8 போல்ட்டுக்கு, எம்10 (10 மில்லிமீட்டர் விட்டம்) என்றால் 45-லிருந்து 50 நியூட்டன் மீட்டர், எம்12 என்றால் 80-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரு கோடு போடுங்கள். நான் மகளின் நெயில் பாலிஷை எடுத்துப் போடுகிறேன், ஆயில் பட்டாலும் அழியவில்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு நடுவில் உடைந்து இரண்டு துண்டும் தள்ளி நின்றால் நட்டு நகர்ந்திருக்கிறது, மறுபடி இறுக்குங்கள். நேராக இருந்தால் ஸ்பேனரையே எடுக்க வேண்டாம், பானெட்டை மூடிவிடுங்கள்.